கராபாக்: போரை நிறுத்த முடிந்த ரஷ்யாவால் அமைதியை ஏன் உருவாக்க முடியவில்லை?

பொருநைவாசன் (இழையைத் தொடங்கியவர்)

ஆர்மீனியாவுக்கும் அஜர்பைஜானுக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள் நீடித்த நாகோர்னோ-கராபாக் சிக்கலில் ரஷ்யா வகித்த மத்தியஸ்தப் பங்கைப் பற்றி விரிவாகப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். இலங்கையோடு ஒப்பிடும் விவாதத்துக்குத் தனி இழை ஏற்கனவே இருப்பதால், இங்கே தெற்கு காகசஸை விட்டு விலகாமல் பேசுமாறு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்காகச் சுருக்கமாகப் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பான்மையாக ஆர்மீனியர்கள் வாழ்ந்த மலைப்பகுதியான கராபாக், 1923-இல் சோவியத் அஜர்பைஜானுக்குள் ஒரு தன்னாட்சிப் பகுதியாக அமைக்கப்பட்டது. 1988 பிப்ரவரியில் அப்பகுதியின் மன்றம் ஆர்மீனியாவுடன் சேர வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றியது. சில நாள்களிலேயே சும்காயித் நகரில் ஆர்மீனியர்கள் தாக்கிக் கொல்லப்பட்டனர். சோவியத் ஒன்றியம் கலைந்ததும் அது முழுப் போராக மாறியது. 1992 பிப்ரவரியில் கோஜாலியில் தப்பியோடிய அஜர்பைஜான் மக்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். 1994-இல் போர் நின்றபோது ஏறத்தாழ 30,000 பேர் இறந்திருந்தனர். இரு பக்கமும் சேர்த்துப் பத்து லட்சம் பேருக்கு மேல் வீடிழந்திருந்தனர். கராபாக்கோடு அதைச் சுற்றியிருந்த ஏழு மாவட்டங்களில் ஐந்து முழுமையாகவும் இரண்டு பகுதியாகவும் ஆர்மீனியப் படைகளின் கையில் இருந்தன.

1994, 2016, 2020 ஆகிய மூன்று முறையும் பெரும் சண்டையை நிறுத்தியது மாஸ்கோதான். இச்சிக்கலைத் தீர்க்க ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு மாநாட்டின் கீழ் 1992-இல் உருவான மின்ஸ்க் குழுவில் 1997 முதல் ரஷ்யா, அமெரிக்கா, பிரான்சு மூன்றும் இணைத்தலைமை வகித்தன. ஆண்டுக்கணக்கில் பயணங்களும் வரைவுகளும் தொடர்ந்தன. ஆனால் துப்பாக்கிகள் உண்மையிலேயே ஓய்ந்த நாள்களில் அதற்கான ஏற்பாட்டைச் செய்தவர்கள் ரஷ்யர்கள். அப்படிப்பட்ட ரஷ்யாவின் அமைதிப்படை முகாமிட்டிருந்த நிலையிலேயே, 2023 செப்டம்பரின் கடைசி நாள்களில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் ஒரே மலைப்பாதை வழியாகத் தம் ஊர்களை விட்டு வெளியேறினார்கள்.

என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சண்டையை நிறுத்தும் வலிமையை ரஷ்யாவுக்குத் தந்தவை எவையோ, அவையே தீர்வு காணும் விருப்பத்தை அதனிடமிருந்து பறித்தன. ஆர்மீனியாவின் கியூம்ரியில் அதற்குப் படைத்தளம் இருந்தது. இரு நாடுகளுக்கும் ஆயுதம் விற்றது. தீராத சிக்கல் இருக்கும்வரை ஆர்மீனியத் தலைநகர் யெரெவானும் அஜர்பைஜான் தலைநகர் பாக்குவும் மாஸ்கோவின் கதவைத் தட்டியே ஆக வேண்டியிருந்தது. தீர்வு வந்திருந்தால் இந்தச் செல்வாக்கு முழுவதும் கரைந்திருக்கும். இதை மறுப்பவர்கள் ஆதாரத்தோடு மறுக்கலாம்.

கீழைக்காற்று

பொருநைவாசன் ஐயா, உங்கள் தொகுப்பு நேர்மையானது. ஆனால் முடிவோடு என்னால் உடன்பட இயலவில்லை. தீர்வு வராததற்கு மத்தியஸ்தரின் தன்னலமே காரணம் என்றால், மத்தியஸ்தர் தீர்வை முன்வைத்து, தரப்பினர் ஏற்க மறுத்த தருணங்களை எப்படி விளக்குவீர்கள்?

மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1997-இல் மின்ஸ்க் குழு படிப்படியான திட்டம் ஒன்றை வைத்தது: முதலில் சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்து ஆர்மீனியப் படைகள் விலகும், கராபாக்கின் இறுதி நிலை பின்னால் பேசப்படும். ஆர்மீனியாவின் முதல் அதிபர் லெவான் தெர்-பெட்ரோசியான் அதை ஏற்கத் தயாராக இருந்தார். காலம் செல்லச் செல்ல ஆர்மீனியாவின் பேரம் பேசும் வலிமை குறையும் என்று தம் மக்களிடம் வெளிப்படையாக எழுதினார். அவருடைய சொந்த அமைச்சர்களே எதிர்த்தார்கள். 1998 பிப்ரவரியில் அவர் பதவி விலகினார். அவரை வீழ்த்தியது மாஸ்கோ அல்ல; யெரெவானில் வெற்றி தந்த நம்பிக்கைதான்.

அடுத்து 2001 ஏப்ரலில் அமெரிக்கா கீ வெஸ்ட் தீவில் அஜர்பைஜான் அதிபர் ஹைதர் அலியேவையும் ஆர்மீனிய அதிபர் ராபர்ட் கோச்சாரியானையும் அமர வைத்தது. மூன்று இணைத்தலைமை நாடுகளும் உடனிருந்தன. தீர்வு அருகில் வந்துவிட்டதாகவே எல்லோரும் எண்ணினார்கள். ஊர் திரும்பிய ஹைதர் அலியேவுக்குத் தம் நாட்டில் அதற்கு ஆதரவில்லை என்பது புரிந்தது; பேச்சு அத்தோடு நின்றது.

மூன்றாவது 2011 ஜூனில் ரஷ்ய நகரான கசான். 2007-இல் வைக்கப்பட்ட மாட்ரிட் கொள்கைகளின் அடிப்படையில், மாவட்டங்களைத் திருப்பித் தருதல், கராபாக்குக்கு இடைக்கால நிலை, அதை ஆர்மீனியாவோடு இணைக்கும் லாச்சின் வழித்தடம், அகதிகள் திரும்புதல், பின்னர் மக்கள் விருப்பத்தின் மூலம் இறுதி நிலை என்று அப்போதைய ரஷ்ய அதிபர் மெத்வதேவ் தாமே முன்னின்று இரு அதிபர்களையும் பலமுறை சந்திக்க வைத்தார். 2008 நவம்பரில் மாஸ்கோ அருகே மெய்யன்தோர்ஃப் மாளிகையில் இருவரும் ஒரு பொது அறிவிப்பில் கையெழுத்திட்டதும் அவருடைய முயற்சியால்தான். கசானில் எல்லாம் முடிந்துவிடும் என்று எதிர்பார்த்துத்தான் அவர் தம் மதிப்பைப் பணயம் வைத்தார். இதைத் தீர்வு விரும்பாத ஒருவரின் நடத்தை என்று கொள்வது நியாயமா?

இரு நாட்டுத் தலைவர்களும் தம் மக்களுக்கு முழு வெற்றியைத் தவிர வேறெதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்தல் என்பதையே துரோகமாகக் கற்பித்த பிறகு, எந்த வல்லரசு வந்தாலும் எதைச் சாதித்திருக்கும்?

செங்கழுநீர்

இருவரும் ஆயுத விற்பனையை இன்னும் போதிய அளவு தொடவில்லை. எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மனம் கொதிக்கும் இடம் அதுதான்.

1993-இல் அஜர்பைஜானின் கஞ்சா நகரிலிருந்து ரஷ்யப் படைப்பிரிவு வெளியேறியபோது அதன் ஆயுதங்கள் சூரத் ஹுசேய்னோவ் என்ற கிளர்ச்சித் தளபதியின் கைக்குப் போயின. அவர் தலைநகரை நோக்கி நகர்ந்தார். மாஸ்கோவுக்குப் பிடிக்காத அதிபர் எல்சிபே பதவியிழந்தார். 1997-இல் ரஷ்ய நாடாளுமன்றத்தின் பாதுகாப்புக் குழுத் தலைவர் லெவ் ரோக்லின், ஏறத்தாழ 100 கோடி டாலர் மதிப்புள்ள ஆயுதங்கள் ஆர்மீனியாவுக்கு இரகசியமாக அனுப்பப்பட்டதை அவையிலேயே வெளிப்படுத்தினார். அதே ஆண்டில்தான் ரஷ்யா மின்ஸ்க் குழுவின் மூன்று இணைத்தலைவர்களில் ஒருவராக உறுதிப்படுத்தப்பட்டது.

பின்னர் காற்று திசை மாறியது. 2006-இல் பாக்கு-திபிலிசி-ஜெய்ஹான் குழாய் வழியாக எண்ணெய் மத்தியதரைக் கடலை எட்டியதும் அஜர்பைஜானிடம் பணம் சேர்ந்தது. அந்தப் பணத்தில் ஒரு கணிசமான பகுதி ரஷ்ய ஆயுதங்களுக்கே போனது. டி-90 டாங்கிகள், ஸ்மெர்ச் ராக்கெட் ஏவிகள், வெப்பக்குண்டு வீசும் டாஸ்-1ஏ ஆகியவை வாங்கப்பட்டன. ரஷ்யாவுடனான இராணுவ வணிகம் 400 கோடி டாலர் அளவுக்கு இருப்பதாக, ஹைதரின் மகனும் அவருக்கு அடுத்த அதிபருமான இல்ஹாம் அலியேவ் 2013-இல் வெளிப்படையாகவே சொன்னார். இன்னொரு புறம், ரஷ்யா தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்த அமைப்பின் உறுப்பினர் என்ற முறையில் ஆர்மீனியாவுக்குச் சலுகை விலையில் ஆயுதம். 2016-இல் யெரெவான் அணிவகுப்பில் இஸ்கந்தர் ஏவுகணைகளே வந்தன.

2016 ஏப்ரலில் நான்கு நாள் போரில் இந்த ஆயுதங்கள் ஒன்றையொன்று சுட்டுத் தீர்த்தன. சில நாள்களில் அங்கே போன மெத்வதேவ், ரஷ்யா விற்பதை நிறுத்தினால் வேறொருவர் அந்த இடத்தை நிரப்புவார் என்றார். வணிகருக்கு அது பொருந்தும் பதிலாக இருக்கலாம். இருபத்திரண்டு ஆண்டுகள் மத்தியஸ்தர் நாற்காலியில் அமர்ந்த நாட்டின் பதிலாக அதை என்னால் ஏற்கவே முடியாது.

நண்பர் கீழைக்காற்று கசானைக் குறிப்பிட்டார். கசானில் பேச்சு முறிந்தபோது தரப்பினருக்கு நேரக்கூடிய இழப்பு என்ன? எதுவுமில்லை. ரஷ்யாவிடம் மட்டுமே இருந்த ஒரு நெம்புகோல், அதாவது ஆயுத வழங்கலை நிபந்தனைக்கு உட்படுத்துவது, ஒருமுறைகூட அழுத்தப்படவில்லை. மெத்வதேவ் நல்லெண்ணத்தோடு உழைத்தார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருடைய அரசு அதே ஆண்டுகளில் அந்த நல்லெண்ணத்துக்கு எதிராகவே இயங்கியது.

மலையமான்

இந்த விவாதத்தில் அஜர்பைஜான் மக்களின் பக்கமிருந்து ஒருவரும் பார்க்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

1993-இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றம் 822, 853, 874, 884 என நான்கு தீர்மானங்களை நிறைவேற்றியது. கைப்பற்றப்பட்ட மாவட்டங்களிலிருந்து படைகள் விலக வேண்டும் என்று அவை கேட்டன. ஒன்றும் நடக்கவில்லை. அக்தாம் என்ற நகரம் ஆளில்லாமல் கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டது. கெல்பஜார், ஃபிசூலி, ஜப்ராயில் மக்கள் தகரக் கொட்டகைகளிலும் சரக்கு ரயில் பெட்டிகளிலும் மாணவர் விடுதிகளிலும் ஒரு தலைமுறையைக் கழித்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை மத்தியஸ்தம் என்பது, தம் வீட்டுச் சாவி தொடர்ந்து வேறொருவரிடம் இருப்பதற்கான ஏற்பாடாகவே இருபத்தாறு ஆண்டுகள் தோன்றியது. மின்ஸ்க் குழுவின் மூன்று நாடுகளிலும் செல்வாக்குள்ள ஆர்மீனியப் புலம்பெயர் சமூகங்கள் இருந்ததும் அவர்களுடைய ஐயத்தை வளர்த்தது.

ரஷ்யா தீர்வை விரும்பவில்லை என்று இழையைத் தொடங்கியவர் சொல்கிறார். நான் அதைச் சற்றுத் திருத்திச் சொல்ல விரும்புகிறேன். வென்ற தரப்புக்கு அவசரமில்லாத ஒரு நிலையை ரஷ்யா பாதுகாத்தது. தோற்ற தரப்பு பணமும் ஆயுதமும் திரட்டிக்கொள்ளும்வரை அந்த நிலை நீடித்தது. அதன்பின் அதை எவராலும் காக்க முடியவில்லை. 2020 போரை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. அமைதி வழியில் எந்த மாவட்டமும் திரும்பி வராத ஒரு பேச்சுவார்த்தையை இருபத்தாறு ஆண்டுகள் நடத்திவிட்டு, ஏன் போர் வந்தது என்று வியப்பதில் பொருளில்லை.

பொருநைவாசன்

மலையமான் அவர்களின் பதிவு எனக்கு மிகவும் பயன்பட்டது. அதையொட்டி ஒரு செய்தியைக் கவனப்படுத்த விரும்புகிறேன்.

1994 மே 12 அன்று நடைமுறைக்கு வந்த போர்நிறுத்தம் உலக அளவிலேயே அரிதானது. அப்போதைய ரஷ்ய அதிபர் யெல்த்சினின் தூதராக இருந்த விளாதிமிர் கசிமிரோவ் அதை உருவாக்கினார். பிஷ்கெக்கில் மே 5 அன்று நாடாளுமன்றத் தலைவர்கள் கூடி வெளியிட்ட அறிக்கை அதற்கு அரசியல் அடித்தளம். ஆனால் உண்மையான உடன்பாட்டில் ஒரே மேசையில் எவரும் கையெழுத்திடவில்லை. பாக்குவிலும் யெரெவானிலும் கராபாக்கின் தலைநகரான ஸ்டெபானகெர்ட்டிலும் தனித்தனியாகக் கையெழுத்தான தாள்கள் மாஸ்கோவுக்குத் தொலைநகலில் வந்து சேர்ந்தன. அமைதிப்படையை அனுப்ப ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சர் கிராச்சோவ் பெரிதும் முயன்றார்; ஹைதர் அலியேவ் உறுதியாக மறுத்துவிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் புடாபெஸ்ட் மாநாட்டில் பன்னாட்டு அமைதிப்படை பற்றி முடிவெடுத்தார்கள். அந்தப் படையும் ஒருநாளும் வரவில்லை.

எனவே, நடுவில் ஒரு காவலர்கூட இல்லாமல், பதுங்குகுழிகளிலிருந்து இரு படைகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த நிலையில் அந்தப் போர்நிறுத்தம் இருபத்தாறு ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. 2020-இல் கவச வாகனங்களோடு 1,960 ரஷ்ய வீரர்கள் வந்து நின்ற ஏற்பாடோ மூன்றே ஆண்டுகளில் சரிந்தது. முதலாவதைத் தாங்கியது களத்திலிருந்த படைச் சமநிலை. மத்தியஸ்தரின் காகிதம் அந்தச் சமநிலையைப் பதிவு செய்தது, அவ்வளவே. சமநிலை கலைந்த பிறகு, நண்பர் செங்கழுநீர் விளக்கியபடி அதைக் கலைத்ததில் மத்தியஸ்தருக்கே பங்கிருந்த பிறகு, காகிதத்தைக் காக்கும் கடமை முழுவதும் ரஷ்யாவின் மேல் விழுந்தது. அதற்கு அது ஆயத்தமாக இல்லை.

2020-ஐயே பாருங்கள். செப்டம்பர் 27 அன்று போர் தொடங்கியது. அக்டோபர் 10 அன்று ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் இரு வெளியுறவு அமைச்சர்களையும் மாஸ்கோவில் பத்து மணி நேரத்துக்கும் மேல் அமர வைத்து ஒரு போர்நிறுத்தத்தை அறிவித்தார், அன்றே மீறப்பட்டது. அக்டோபர் 17-இல் பிரான்சு, 25-இல் அமெரிக்கா, இரண்டும் அப்படியே. நவம்பர் 8 அன்று மலையுச்சி நகரான ஷுஷா வீழ்ந்த பிறகே, அதாவது பாக்கு வேண்டியதில் பெரும்பகுதியைப் பெற்ற பிறகே, ரஷ்யாவின் நிறுத்தம் நின்றது. மறுநாள், ஆர்மீனியாவுக்கு அப்பால் தனித்துக் கிடக்கும் அஜர்பைஜான் பகுதியான நக்சிவானின் எல்லையருகே ஒரு ரஷ்ய ஹெலிகாப்டரை அஜர்பைஜான் படை தவறுதலாகச் சுட்டு வீழ்த்தி இருவர் இறந்ததும், பாக்கு உடனே மன்னிப்புக் கேட்டதும் நினைவிருக்கலாம். அன்று இரவே முத்தரப்பு அறிக்கை வந்தது.

அந்த அறிக்கையில் ஒன்பது கூறுகள் உள்ளன. மாவட்டங்களை ஒப்படைக்க நாள் குறித்தார்கள். ஐந்து கிலோமீட்டர் அகலமுள்ள லாச்சின் வழித்தடத்தை ரஷ்யக் கட்டுப்பாட்டில் வைத்தார்கள். நக்சிவானுக்குச் செல்லும் போக்குவரத்தை ரஷ்ய உளவுத்துறையின் எல்லைக் காவலர்கள் மேற்பார்வையிடுவார்கள் என்றார்கள். கராபாக்கின் நிலை என்ன என்பது பற்றி ஒரு சொல்கூட இல்லை. இத்தனை ஆண்டுப் பேச்சுவார்த்தைகளின் மையக் கேள்வியையே விட்டுவிட்டு, தனக்குரிய சாலைகளை மட்டும் ரஷ்யா உறுதி செய்துகொண்டது. இதற்கு மேல் என் கருத்துக்கு வேறு சான்று வேண்டுமா என்று தெரியவில்லை.

யாழிசை_திருச்சி

இதுவரை படித்ததில் எனக்கு ஒரு கேள்வி எஞ்சுகிறது. 2022 டிசம்பரில் லாச்சின் சாலை மறிக்கப்பட்டபோது, அந்தச் சாலையைத் திறந்து வைப்பதுதானே ரஷ்யப் படையின் வேலை? ஏறத்தாழ 2,000 ஆயுதமேந்திய வீரர்கள், சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் என்று சொல்லிக்கொண்டு நடுச்சாலையில் அமர்ந்த ஒரு கூட்டத்தை மாதக்கணக்கில் ஏன் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்? உக்ரைன் போர் ஒன்றே காரணமா?

செங்கழுநீர்

யாழிசை, உக்ரைன் பெரிய காரணம். ஆனால் ஒரே காரணம் அல்ல. அடிப்படைக் குறை அதற்கும் முந்தையது.

அமைதிப்படைக்கு எப்போது எதைச் செய்யலாம், எப்போது ஆயுதத்தைப் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் பணியாணை ஒன்று மூன்று தரப்பும் ஏற்றுக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அது ஒருபோதும் நிறைவேறவில்லை. அஜர்பைஜான் அதில் கையெழுத்திடவே இல்லை. ஐக்கிய நாடுகளின் ஒப்புதலும் அந்தப் படைக்கு இல்லை. மேலும், ஐந்து ஆண்டுகள் முடிவதற்கு ஆறு மாதங்களுக்கு முன் ஏதேனும் ஒரு தரப்பு வேண்டாமென்றால் படை கிளம்ப வேண்டும் என்று அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். எனவே அந்தப் படை முதல் நாளிலிருந்தே பாக்குவின் இசைவில் வாழ்ந்தது. அதோடு அஜர்பைஜானின் நெருங்கிய நட்பு நாடான துருக்கியும் உள்ளே வந்தது. அக்தாமில் 2021 ஜனவரியில் திறந்த கண்காணிப்பு மையத்தில் ரஷ்யர்களோடு துருக்கியரும் அமர்ந்திருந்தார்கள். நேட்டோ நாடொன்றுக்குத் தெற்கு காகசஸில் ரஷ்யாவே இடம் கொடுத்தது.

இப்போது உக்ரைனுக்கு வருகிறேன். 2022 பிப்ரவரி 22 அன்று புதினும் அலியேவும் மாஸ்கோவில் கூட்டணி உறவுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். இரண்டு நாள் கழித்து உக்ரைன் மீது படையெடுப்பு. அதன்பின் மேற்கின் தடைகளால் ரஷ்யாவின் வணிகத்துக்குத் துருக்கியும் அஜர்பைஜானும் வழியாயின. ஈரானை நோக்கிய வடக்கு-தெற்குப் பாதை பாக்கு வழியாகவே போகிறது. அந்த நிலையில் லாச்சின் சாலைக்காக அலியேவோடு மோதும் எண்ணம் மாஸ்கோவுக்கு எங்கிருந்து வரும்? அதே ஆண்டு செப்டம்பரில் அஜர்பைஜான் படை ஆர்மீனியாவின் சொந்த நிலத்திலேயே ஜெர்முக் வரை தாக்கியது. கூட்டுப் பாதுகாப்பு அமைப்பை யெரெவான் உதவிக்கு அழைத்தது. உண்மையறியும் குழுவைத் தவிர ஒன்றும் வரவில்லை. பாக்கு அப்போதே விடையைப் படித்துக்கொண்டது.

2023 பிப்ரவரி 22 அன்று பன்னாட்டு நீதிமன்றம், அந்தச் சாலையில் மக்களும் பொருள்களும் தடையின்றிச் செல்ல அஜர்பைஜான் வழிசெய்ய வேண்டுமென்று ஆணையிட்டது. ஏப்ரலில் ஹகாரி பாலத்தில் அஜர்பைஜான் சோதனைச்சாவடியே அமைத்தது. கோடையில் செஞ்சிலுவைச் சங்க வண்டிகளும் நின்றுபோயின. ஸ்டெபானகெர்ட்டில் ரொட்டிக்காக மக்கள் இரவெல்லாம் வரிசையில் நின்றார்கள். செப்டம்பர் 19 அன்று தாக்குதல் தொடங்கியது. இருபத்துநான்கு மணி நேரத்தில், ரஷ்யப் படைத்தலைமையின் இடையீட்டிலேயே, கராபாக் படைகள் ஆயுதத்தை ஒப்படைக்க ஒப்புக்கொண்டன. அமைதிப்படையின் துணைத் தளபதி உட்பட ரஷ்ய வீரர்கள் சென்ற வண்டி சுடப்பட்டு அதிலிருந்தவர்கள் இறந்தார்கள். அலியேவ் வருத்தம் தெரிவித்தார், மாஸ்கோ ஏற்றுக்கொண்டது. தம் துணைத் தளபதியின் சாவுக்கே கேள்வி கேட்காத ஒரு படை, அந்த மக்களுக்காக எதைக் கேட்டிருக்கும்?

வெளியேறும் வழியில் எரிபொருளுக்காகக் காத்திருந்தவர்கள் மேல் கிடங்கு வெடித்து 170-க்கும் மேற்பட்டோர் மாண்டதை எழுதும்போது கை நடுங்குகிறது.

கீழைக்காற்று

செங்கழுநீர் எழுதியவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் 2018-இல் ஆர்மீனியப் பிரதமரான பஷினியானின் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019 ஆகஸ்டில் ஸ்டெபானகெர்ட் திடலில் நின்று, கராபாக் ஆர்மீனியாவே, முற்றுப்புள்ளி என்று முழங்கியவர் அவர். அதன்பின் மாட்ரிட் கொள்கைகளைப் பற்றிப் பேச எதுவும் மிஞ்சவில்லை. 2022 அக்டோபரில் பிராகில், 1991 அல்மா-அத்தா பிரகடனத்தின்படி ஒருவர் நிலப்பரப்பை மற்றவர் ஏற்பதாக அவரே ஒப்புக்கொண்டார். அதன்பின் கராபாக் அஜர்பைஜானின் உள்நாட்டு விவகாரம், ஆர்மீனியாவே ஏற்றதை நாங்கள் எப்படித் தடுப்பது என்று மாஸ்கோ கேட்டது. அது வசதியான வாதம்தான். முழுப் பொய் அல்ல.

என் நிலைப்பாட்டை இப்போது இன்னும் குறுக்கிச் சொல்கிறேன். 2011 வரை ரஷ்யாவின் முயற்சி உண்மையானது, தோல்வி தரப்பினருடையது. 2020-க்குப் பிறகான கதை வேறு. அப்போது ரஷ்யா மத்தியஸ்தராக இல்லை, ஒரு மக்கள்கூட்டத்தின் உயிருக்குப் பொறுப்பேற்ற காவலராக இருந்தது. அந்தப் பொறுப்பைக் கைவிட்டதற்குச் சமாதானம் கிடையாது.

மலையமான்

கீழைக்காற்று வகுத்த இந்த எல்லைக்கோடு எனக்கு ஏற்புடையது. ஆயினும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். வெளியேறியவர்களை எவரும் வாகனத்தில் ஏற்றி விரட்டவில்லை, விரும்பினால் இருந்திருக்கலாம் என்று பாக்கு சொல்கிறது. ஒன்பது மாதம் பட்டினி போட்டு, ஒரு நாள் குண்டு வீசி, அதன்பின் இருக்கலாம் என்றால் எந்தத் தாய் குழந்தையோடு இருப்பாள்? 1993-இல் கெல்பஜாரை விட்டுப் பனிமலை கடந்து ஓடிய அஜர்பைஜான் குடும்பங்களுக்கு நேர்ந்த அநீதியைச் சொன்ன நான், இதையும் சொல்லாமல் விட முடியாது.

யாழிசை_திருச்சி

நன்றி. அப்படியானால் 2025 ஆகஸ்ட் 8 அன்று வாஷிங்டனில் நடந்தது என்ன? ஒரு வல்லரசு விலகி இன்னொன்று அதே இடத்தில் அமர்ந்ததா, அல்லது முறையே மாறியிருக்கிறதா?

பொருநைவாசன்

இதற்கு என்னால் இயன்ற வரை பதில் தருகிறேன்.

அங்கே இரு வெளியுறவு அமைச்சர்கள் அமைதி ஒப்பந்தத்தின் வரைவில் சுருக்கொப்பமிட்டார்கள். முழுக் கையெழுத்து ஆகவில்லை. அந்த வரைவின் பதினேழு பிரிவுகளும் வாஷிங்டனில் எழுதப்பட்டவை அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2025 மார்ச் மாதமே இரு நாடுகளும், பெரும்பகுதி நேரடிப் பேச்சிலேயே, அதன் வாசகத்தை முடித்துவிட்டதாக அறிவித்திருந்தன. எல்லை நிர்ணயத்தையும் 2024-இல் தாமே தொடங்கிவிட்டார்கள். கராபாக் என்ற கேள்வி போரால் முடிக்கப்பட்ட பிறகு, இருவருக்கும் இடையில் நடுவர் பேச வேண்டியது குறைந்துவிட்டது. கசப்பான உண்மை இது.

வாஷிங்டன் சேர்த்தது வேறு. நக்சிவானுக்கான பாதை ஆர்மீனியாவின் சியூனிக் மாகாணம் வழியாக, ஆர்மீனியச் சட்டத்தின் கீழ், அமெரிக்கப் பங்கேற்போடு அமையும் என்றார்கள். டிரம்பின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். 2020 அறிக்கையின் ஒன்பதாவது கூறில் ரஷ்ய எல்லைக் காவலர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த அதே பாதைதான் இது. மின்ஸ்க் குழுவைக் கலைக்குமாறு இரு நாடுகளும் சேர்ந்தே கேட்டன. அக்குழுவும் அந்த ஆண்டிலேயே மூடப்பட்டது. ரஷ்ய அமைதிப்படையோ காலக்கெடுவுக்கு முன்பே, 2024 ஜூனுக்குள், கராபாக்கை விட்டு வெளியேறியிருந்தது. காக்க வேண்டிய மக்களே அங்கு இல்லை.

அமெரிக்கா ரஷ்யாவை விட மேலான மத்தியஸ்தராக இருக்குமா என்று இப்போதே தீர்ப்புச் சொல்ல நான் விரும்பவில்லை. அந்தப் பாதையில் அதற்கும் வணிக நலன் இருக்கிறது. ஈரான் எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்கே அதற்குப் படைத்தளம் இல்லை. சிக்கல் நீடிப்பதால் அதற்கு வரவும் இல்லை. இந்த வேறுபாடு முக்கியமானது என்று நினைக்கிறேன்.

எனக்குக் கவலை தருவது வரைவில் இல்லாதவை. காணாமல்போனவர்களைத் தேடுவது பற்றி ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் வெளியேறிய கராபாக் ஆர்மீனியர்கள் திரும்புவது பற்றியோ, 1988 முதல் ஆர்மீனியாவிலிருந்து ஓடிய அஜர்பைஜானியர் பற்றியோ எதுவும் இல்லை. 2023-இல் பாக்குவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட கராபாக் தலைவர்கள் பற்றியும் இல்லை. நாடுகளுக்கிடையே பன்னாட்டு நீதிமன்றங்களில் நடக்கும் வழக்குகளை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் திரும்பப் பெற வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். மக்களுக்கு எஞ்சியிருந்த ஒரு வழியும் அதோடு குறுகுகிறது. ஆர்மீனியா தன் அரசியலமைப்பைத் திருத்தினால்தான் கையெழுத்து என்று பாக்கு நிற்பதால், இவை எப்போது நடைமுறைக்கு வரும் என்பதும் தெளிவாகவில்லை.

செங்கழுநீர்

அந்த வரைவின் ஏழாவது பிரிவையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன், யாழிசையின் கேள்விக்கு அதுவும் ஒரு பகுதி விடை. தம் பொது எல்லையில் மூன்றாம் தரப்புப் படைகள் எதையும் நிறுத்துவதில்லை என்று இரு நாடுகளும் அதில் உறுதி தருகின்றன. ரஷ்யப் படைக்கு மட்டுமின்றி, 2023 முதல் ஆர்மீனியப் பக்கத்தில் ரோந்து செல்லும் ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்பாளர்களுக்கும் அது பொருந்துமா என்பதில்தான் அடுத்த சர்ச்சை எழும். ஆயுதமற்ற அந்தக் கண்காணிப்பாளர்கள் வந்த பிறகு ஜெர்முக் பக்கத்துக் கிராமத்தார் ஓரளவு அச்சம் குறைந்து மேய்ச்சலுக்குப் போவதாகப் படித்திருக்கிறேன். அவர்கள் விலகுவதற்கு முன் எல்லைக் கற்கள் நடப்பட்டுவிட வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு.